பையப் போ

வண்ணார்பேட்டையில் நாலு மாடி ஜவுளிக்கடை.
விளம்பரத்தில் வராத ஐந்தாவது மாடி என்னுடையது:
தகரக் கூரை, ஒரு மேசை விசிறி,
முப்பத்திரண்டு கட்டமாய்ப் பிரிந்த திரை.
மாசம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு
எல்லாரையும் பார்க்கிறேன்.

பத்தரைக்கு ஷட்டர் இறங்கும்.
பதினொன்றரைக்குத் தச்சநல்லூர் அறையில்
இன்னொரு திரை வெளிச்சமாகும்.
பனி பெய்கிற ஏதோ ஒரு துறைமுகம்.
அங்கே நான் ரெண்டு சர்க்காரிடமும் கூலி வாங்குகிற ஒற்றன்.
அவன் முகத்தை ஆட்டம் காட்டுவதே இல்லை.
குனிந்து நடக்கிற முதுகு மட்டும்.
முதுகைப் பார்த்து
நல்லவனா கெட்டவனா என்று எப்படிச் சொல்ல?

கிடங்கு வாசலில் ஒரு காவலாளி.
பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வான்:
மகளுக்கு முன்பல் விழுந்திருக்கிறது,
வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகணும்.
நான் பெட்டிகளுக்குப் பின்னால்.
கழுத்தை அறுக்கலாம். மூச்சை நெரித்துக் கிடத்தலாம்.
இல்லையென்றால் ஒரு காசைச் சுண்டிவிட்டு,
சத்தம் கேட்ட பக்கம் அவன் திரும்புகையில்
பையப் போகலாம்.

நான் காசு சுண்டுகிறவன்.
'ஒருவரையும் தொடவில்லை' என்று ஒரு பதக்கம் விழும்.
மூன்று கட்டம் தாண்டி, வேறோர் ஊரில்,
அலமாரி ஒன்றைக் குடையும்போது ஒரு தாள்:
கிடங்கைக் கோட்டை விட்ட காவலாளியை
வியாழன் காலை சுட்டாயிற்று.
பதக்கத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மூன்றாம் மாடி, பதினேழாம் நம்பர் கேமரா.
பட்டுப் பிரிவுக்குப் பின்னால், பிரிக்காத மூட்டை மேல்
சண்முகக்கனி உட்காருவாள். நாலு நிமிஷம்.
செருப்பைக் கழற்றிக் கணுக்காலை அமுக்குவாள்.
உட்கார்ந்தால் எழுதி மேலே கொடுக்கணும்; அதுதான் என் சோலி.
சித்திரையிலிருந்து நான் எழுதவில்லை.
ஜாய்ஸ்டிக்கை ஒரு விரலால் தள்ளி
கேமராவைத் தூண் பக்கம் திருப்பி வைப்பேன்.
தூணில் ஒரு பல்லி.
இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
பல்லியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை,
படியில் எதிரே வந்தால் போனை எடுத்துப் பார்ப்பேன்.

ஆடித் தள்ளுபடிக் கணக்கில் ரெண்டு பட்டுச்சேலை குறைந்தது.
எடுத்தது அவளாக இருக்கலாம்.
அவள் எழுந்து போன பிறகு வந்த யாராகவும் இருக்கலாம்.
பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன்:
தூண். பல்லி. பல்லியின் வால்.
"கேமரா ஏம்ல அங்ஙன பாக்கு?" என்றார் முதலாளி.
"மோட்டார் கோளாறு அண்ணாச்சி, அப்பப்ப தானா திரும்புது."
நம்பினார். அல்லது, நம்புவது மலிவு.
மாடிப் பொறுப்பாளர் பிரம்மநாயகத்தை,
பத்தொன்பது வருஷத்து ஆளை,
கணக்கு முடித்து அனுப்பினார்கள்.
புதுக் கேமராவுக்கு ஆர்டர் போட்ட கையோடு
எனக்கு ஐந்நூறு கூட்டினார்கள்.

அன்று ராத்திரி பழைய கட்டத்தைத் திறந்தேன்.
காசு சுண்டவில்லை. கத்தி எடுக்கவில்லை.
பெட்டிகளுக்குப் பின்னால் சும்மா இருந்தேன்.
மகளுக்கு முன்பல். மகளுக்கு முன்பல்.
ரெண்டு மணிக்குக் கரண்டு போயிற்று.

நேற்று சந்திப்பில், ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே,
பேட்டை பஸ்ஸுக்கு நின்றார் பிரம்மநாயகம்.
கையில் மஞ்சள் பை, சவரம் செய்யாத முகம்.
எனக்கு முழங்கால் தானாக மடங்கியது.
தூணோடு தூணாக ஒட்டினேன்.
சட்டைப்பையில் ஒரு அஞ்சு ரூபாய்.
விரல் அதைத் தேடிப் போயிற்று, சவம்.

சுண்டவில்லை. அவரே திரும்பினார்.
"என்னடே, சாப்ட்டியா?"
சாப்பிட்டேன் என்றேன்.
சாப்பிட்டிருக்கவில்லை.